நான் பூச்சியம் போட்ட வெள்ளை ரோஜா

பிள்ளை,

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் குசினி மேசையில் ஏறி இருந்து காலை ஆட்டிக்கொண்டு கேட்டாய், கனடாவில் ஹம்மிங்பேர்ட் வருவதற்கு என்ன பூ நட வேண்டும் என்று. எனக்குத் தெரிந்த விஷயம். உடனே ஒரு தாள் எடுத்துப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதத் தொடங்கினேன். ஐந்தாவது பெயரில் நிறுத்திவிட்டேன். உனக்கு ஆறரை வயது. அந்தத் தாளை நீ விமானத்திலேயே தொலைத்துவிடுவாய். வருகிற சனிக்கிழமை நீயும் அம்மாவும் ரொறன்ரோவுக்குப் போகிறீர்கள், பெரியம்மா வீட்டுக்கு, இனி அங்கேயே இருப்பதற்கு. உன்னை இந்த நாட்டை விட்டுக் கொண்டுபோக எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொலிசிட்டரின் மேசையில் நான் கையெழுத்து வைத்து மூன்று கிழமையாகிறது. ஒரு நாள் நீ வளர்வாய். உனக்கென்று ஒரு வீடும் அதன் பின்னால் ஒரு துண்டு மண்ணும் வரும். அப்போது என்ன பூ நடுவது என்றும் கேட்பாய், அப்பா ஏன் என்னை விட்டார் என்றும் கேட்பாய். இரண்டுக்கும் சேர்த்து இப்போதே எழுதி வைக்கிறேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. வளர்ந்த மகளுக்குப் புத்தி சொல்கிற வயதில்லை. ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது எனக்கு இப்போதுதான் சரியாக ஞாபகம் இருக்கிறது. பிறகு எனக்கு வசதியான மாதிரி மாற்றிவிடுவேன்.

இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. உன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்குப் பெற்றோர் ஒருவரிடம் தோட்டக் கட்டுரை கேட்டார்கள். நான்தான் எழுதுகிறேன் என்றேன். இதை அவர்கள் போட்டால் போடட்டும், விட்டால் விடட்டும். லண்டனில் நாங்கள் இருக்கிற இந்த நோர்பரியில் மரக்கறிக் கடையிலிருந்து கோயில் வாசல்வரை எங்கள் கதை ஏற்கெனவே போய்விட்டது. என்னோடு வேலை செய்கிற சிவா என் முகத்துக்கு நேரேயே சொன்னான்: “மச்சான், ஆக்கள் குடியாலை பிரியிறவை, வேறை பொம்பிளையாலை பிரியிறவை. தேனீயாலை பிரிஞ்ச முதல் ஆள் நீதான்.” நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், என் வாயாலும் ஒருமுறை வரட்டும். அம்மாவிடம் கேட்டேன், எழுதட்டுமா என்று. “எழுதுங்கோ, எனக்கென்ன” என்றார். அதுதான் இப்போது எங்களுக்குள் உள்ள நீளமான உரையாடல்.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் லிப்ட் திருத்துகிறவன். பதினேழு வயதில் ஜேர்மனிக்கு வந்து, அகதி முகாமில் இருந்துகொண்டே பாஷை படித்து, மூன்றரை வருஷம் ஒரு பட்டறையில் முறையாகப் பயின்று தேர்வு எழுதினேன். அங்கே எனக்கு அடித்து ஏற்றியது ஒன்றுதான்: ஊகிக்காதே, அள. வேலை செய்யாத உறுப்பைக் கழற்று. லண்டனுக்கு வந்து கலியாணம் கட்டி நீ பிறந்த பிறகும் நான் அதே ஆள்தான். கதவு மூடுவதற்குள் பொத்தானை மூன்று தரம் அழுத்துகிற ஆட்களைத் திட்டுவேன், ஆனால் நானும் அப்படித்தான் அழுத்துவேன். அம்மா ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் அதன் முடிவை நான் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவேன். அதுதான் கேடு.

வீடு வாங்கின இரண்டாம் வருஷம் பின்வளவில் பூசணி போட்டோம். கொடி வேலியைத் தாண்டி ஓடியது, பூ பூவாகப் பூத்தது, ஒரு காய் இல்லை. விரல் அளவு பிஞ்சு பிடிக்கும், மஞ்சளாகும், விழும். அம்மா கண்ணூறு என்றார். நான் புத்தகசாலைக்குப் போய்ப் படித்தேன். பிழை சின்னது: ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. இரண்டு பக்கத்து வீட்டுக்காரரும் வளவுக்குக் கல் பதித்துக் கார் விட்டிருந்தார்கள். தேனீ எங்கே வரும்? அந்த வருஷம் நீ பெயிண்ட் அடிக்கிற தூரிகையால் நானே பூவுக்குப் பூ தடவினேன். ஏழு காய் பிடித்தது. அம்மா வியந்து போனார், அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்குத் தெரியும். அதிலிருந்துதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

கேள், இது உனக்கு உதவும். கடையில் கண்ணுக்கு நிறைவாக, இதழ் மேல் இதழாக அடுக்கிக் கிடக்கிற பூவை வாங்காதே. அந்த அடுக்குகள் எல்லாம் ஒரு காலத்தில் மகரந்தம் சுமந்த இழைகள். மனிதன் அழகுக்காக அவற்றை இதழாக்கிவிட்டான். தேனீ வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு போகும். நடுப்பகுதி திறந்து, மஞ்சள் தூள் வெளியே தெரிகிற ஒற்றை அடுக்குப் பூவாகப் பார். நீலமும் ஊதாவும் மஞ்சளும் தேனீக்கு. சிவப்பு அதற்குத் தெரியாது, கறுப்பு மாதிரித்தான் படும். சிவப்பு உன் ஹம்மிங்பேர்ட்டுக்கு. ஒரு சாதியில் ஒரு கன்று வீதம் பத்துச் சாதி நடாதே. மூன்று நான்கு சாதியை எடுத்து ஒவ்வொன்றையும் கூட்டமாக நடு. பனி விலகினவுடன் பூப்பது ஒன்று, குளிர் வர முதல் கடைசியாகப் பூப்பது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். நடுக்கோடையில் எல்லா வீட்டிலும் விருந்துதான். மார்ச்சிலும் ஒக்டோபரிலும்தான் பட்டினி.

இதையெல்லாம் நான் கொப்பியில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீயும் அம்மாவும் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிறகு, பதினொரு மணிக்கு ஒரு கதிரையைப் போட்டு இருப்பேன். ஒவ்வொரு கன்றுக்கும் பத்து நிமிஷம். எத்தனை தேனீ, எத்தனை குண்டுத் தேனீ, எத்தனை வண்ணத்துப்பூச்சி. லவண்டருக்கு இருபத்தாறு. கற்பூரவல்லி மாதிரி மணக்கிற ஒரேகானோவுக்கு முப்பத்தொன்று. வேலியோரம், அந்தச் சின்ன வளவில் அதிக வெயில் விழுகிற இடத்தில், அம்மா நட்ட ஒரு வெள்ளை ரோஜாச் செடி நின்றது. அதற்கு முதல் கிழமை பூச்சியம். இரண்டாம் கிழமை பூச்சியம். மொக்கு இருந்தது, விரிந்த பூ ஒன்றுகூட இல்லை. மூன்றாம் கிழமை, நான்காம் கிழமை, பூச்சியம், பூச்சியம். குறிப்பில் எழுதினேன்: மொக்கோடு கருகுகிற சாதி போல, இடம் வீண். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜூன் மாதம், அந்த நான்காம் சனிக்கிழமையே, நீங்கள் வருவதற்குள் மண்வெட்டியை எடுத்தேன். முள் கையைக் கிழித்தது. வேர் ஆழமாகப் போயிருந்தது. கைவாளால் அறுத்து, மூன்று துண்டாக்கிப் பையில் கட்டி, காரில் ஏற்றி, கவுன்சில் குப்பைக் கிடங்கில் பச்சைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். எல்லாம் ஒன்றரை மணித்தியாலம். வேலை சுத்தமாக முடிந்த திருப்தியோடு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

நீங்கள் ஒன்றரைக்கு வந்தீர்கள். நீ புத்தகப் பையோடு வளவுக்குள் ஓடினாய். அம்மா பின்கதவில் நின்று அந்தக் குழியைப் பார்த்தார். எங்கே என்று கேட்டார். சொன்னேன். நாலு கிழமையாக ஒரு தேனீ வரவில்லை, அது பூக்கிற கன்றே இல்லை என்றேன், கொப்பியையும் எடுத்துக் காட்டினேன்.

“பூக்கேல்லையோ?” என்றார் அம்மா.

கொப்பியை அவர் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்தார். அம்மா அப்படி என் கையைப் பிடித்து இழுத்தது அதற்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை. மேல்மாடிச் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் சுவர் அலுமாரியைத் திறந்தார். எங்கள் வீட்டில் சாமியறை கிடையாது. அந்த அலுமாரியின் நடுத்தட்டுத்தான் அம்மாவின் கோயில். எனக்கு நம்பிக்கை இல்லாததால் நான் அதை ஒருநாளும் திறந்தவன் இல்லை. ரோஜா வாசம் வந்தது. பித்தளைத் தட்டில் அன்றைக்குப் பறித்த மூன்று பூ. வெள்ளை, ஐந்தே ஐந்து இதழ், நடுவில் ஒரு பிடி மஞ்சள். தேனீக்கு அதைவிட நல்ல ரோஜா இல்லை. பிறகு புத்தகத்தில் பார்த்தேன், முதல் பக்கத்திலேயே இருந்தது.

அம்மா விடியவே எழும்புவது எனக்குத் தெரியும். கோடையில் நாலரைக்கே வெளிச்சம் வந்துவிடும், பின்கதவு திறக்கிற சத்தம் நித்திரையில் கேட்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு அலுமாரியின் முன்னால் நின்று அவர் சொன்னார், அழாமல், படிக்கிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. ஊரில் சண்டைக் காலத்தில் காணாமல் போன தன் சகோதரனைப் பற்றி, உன் மாமாவைப் பற்றி, ஒரு செய்தி வரும்வரை, தன் கையால் நட்ட செடியில், வண்டோ தேனீயோ வாய் வைக்க முதல் பறித்த வெள்ளைப் பூவை ஒவ்வொரு விடியலிலும் வைப்பதாகச் சாமிக்கு நேர்த்திக்கடன். செத்தவரின் படத்துக்கு மாலை போடலாம். காணாமல் போனவருக்கு என்ன செய்வது? அம்மா கண்டுபிடித்தது இதை. மாரியில் யன்னலோரச் சட்டியில் வெள்ளைச் செவ்வந்தி, கோடையில் இந்த ரோஜா. பூச்சி தொட்டது எச்சில், சாமிக்கு ஆகாது. அதனால் அன்றைக்கு விரிய இருக்கிறது எல்லாவற்றையும் வெளிச்சம் வர முதலே பறித்துவிடுவார். நான் பதினொரு மணிக்குக் கதிரை போட்டு எண்ணியது அவர் பறித்து முடித்த செடியை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே” என்றேன்.

“சொன்னனான்” என்றார். “நட்ட அண்டைக்கே சொன்னனான். நீங்கள் பொயிலரைக் கழட்டிப் போட்டுக்கொண்டு இருந்தனீங்கள். ‘ம்’ எண்டனீங்கள்.”

அது உண்மையாகத்தான் இருக்கும். எனக்கு நினைவில்லை. பொயிலரில் என்ன பிழை இருந்தது என்பது நினைவிருக்கிறது.

அடுத்த நாள் குப்பைக் கிடங்கு திறக்க முதலே போய் நின்றேன். அந்தத் தொட்டியை முதல்நாள் பின்னேரமே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்து நேரே கன்றுக் கடைக்குப் போய் அதே சாதியை, அதே வெள்ளையை, இன்னும் பெரிதாக, மொக்கோடு வாங்கிவந்து கதவடியில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “இதென்ன லிப்டே, ஸ்பெயார் பார்ட் போட?” என்றார். அதை நான் நடவில்லை, அவரும் நடவில்லை. அது சட்டியிலேயே நின்று அடுத்த மாரியில் செத்தது. மகளே, நீ யாரோடாவது ஒரு வளவைப் பங்கு போட்டு வாழப் போகிறாய். எந்தக் கன்றையும் பிடுங்க முதல் அதை யார் நட்டது என்று கேள். எதற்கு என்றும் கேள். பதில் வரும்வரை நில். பாதியில் குறுக்கே விழுந்து, எனக்குத் தெரியும் என்று சொல்லாதே. இதை எனக்குச் சொல்ல யாருமில்லை என்று நான் சாட்டுச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்தக் குழி கண்ணை உறுத்திக்கொண்டே இருந்ததால் சிவப்பு வலேரியன் நட்டேன். லண்டனில் ரெயில் பாதைச் சுவரிலெல்லாம் தானாக முளைத்து நிற்கும், பார்த்திருப்பாய். ஜூலையில் பயங்கர வெக்கை. ஒரு பின்னேரம் நீ கத்தினாய். உன் படப் புத்தகத்தில் ஹம்மிங்பேர்ட் இருந்தது. அது எப்போது எங்கள் வீட்டுக்கு வரும் என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாய், இந்த நாட்டுக்கு வராது என்று நானும் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வலேரியனுக்கு முன்னால், காற்றில் நின்றபடியே, செட்டை தெரியாத வேகத்தில் அடித்துக்கொண்டு, நீள மூக்கைப் பூவுக்குள் விட்டு ஒன்று உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு பூவை விட்டு அடுத்த பூ. நீ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாய். அம்மாவும் வெளியே வந்து உன் தோளில் கை வைத்து நின்றார். ஐந்து கிழமைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். நான் வாயைத் திறந்தேன். அது குருவி இல்லை, தெற்கே இருந்து கடல் கடந்து வருகிற ஒரு அந்துப்பூச்சி, அதன் மூக்கு மூக்கில்லை, சுருள்கிற நாக்கு என்று விளக்கினேன். எல்லாம் சரியான தகவல். நீ என்னைப் பார்த்தாய், பிறகு பூவைப் பார்த்தாய், பிறகு உள்ளே போய்விட்டாய். “ஒரு பின்னேரத்துக்கு அது குருவியா இருந்தா உங்களுக்கு என்ன நட்டம்?” என்று அம்மா கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இருந்தது: பிள்ளைக்குப் பிழையாகச் சொல்லக்கூடாது.

ரொறன்ரோவில் வருவது உண்மையான குருவி. மே மாதம் வரும், செப்டெம்பரில் போகும். கட்டைவிரல் அளவு. அதற்கு மோப்பம் இல்லை என்றே வைத்துக்கொள். வாசமான பூவுக்குச் செலவழிக்காதே. நிறமும் வடிவமும்தான் வேலை செய்யும்: சிவப்பு அல்லது செம்மஞ்சள், குழாய் மாதிரி நீண்டது, தலை கவிழ்ந்தோ சரிந்தோ தொங்குவது. பீ பாம், கார்டினல் பூ, கொலம்பைன், எக்காள வடிவில் சிவப்பாகப் பூக்கிற அந்த நாட்டு ஹனிசக்கிள். கடைக்காரன் ஐரோப்பிய ஹனிசக்கிளைத் தருவான், வாங்காதே. அங்கே அது காட்டை விழுங்குகிற களை. வளவு இல்லாமல் மாடி வீட்டில் இருந்தால் பல்கனியில் ஒரு சட்டி பியூசியா போதும். சீனித் தண்ணி வைப்பதானால் ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நாலு பங்கு தண்ணி, வேறொன்றும் வேண்டாம். சிவப்புச் சாயம் கலக்காதே, தேன் விடாதே. வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கொருமுறை கழுவி மாற்று. புளித்த தண்ணி அந்தச் சின்ன உடம்பைக் கொன்றுவிடும். கன்றுக்கு மருந்து அடிக்காதே, அந்தக் குருவி பாதி நாள் தின்பது நுளம்பையும் சிலந்தியையும்தான். மாரி வர முதல் காய்ந்த தண்டுகளை வெட்டித் துப்புரவாக்குகிற வியாதி தமிழ் ஆட்களுக்கு உண்டு. வெட்டாதே. அதற்குள்தான் அடுத்த வருஷத் தேனீ நித்திரை கொள்கிறது.

இனி நான் செய்ததில் மோசமானது. அந்த வருஷம் மாரி தொடங்குகிற நேரம் ஊரிலிருந்து போன் வந்தது. மாமாவோடு கடைசியாக இருந்த ஒருவர் உயிரோடு கிடைத்து, எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமா இறந்து ஒன்பது வருஷமாகிவிட்டது. அம்மா போனை வைத்துவிட்டு மாடிப்படியில் இருந்தார். நான் வேலை உடுப்போடு அப்போதுதான் வந்திருந்தேன். ஜூனுக்குப் பிறகு அவர் பூ வைக்கவில்லை. நேர்த்தி முறிந்ததால்தான் இந்தச் செய்தி வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது. அந்த மனப்பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், நம்பினால் நம்பு. பக்கத்தில் இருந்து, மெதுவாக, எனக்கு மெதுவாக வருகிற அளவுக்கு மெதுவாக, சொன்னேன்: “பாரும், அவர் போய் ஒன்பது வருஷம். நீர் அந்த ரோஜாவை நட முதலே அவர் இல்லை. நீர் பூ வைச்சிருந்தாலும் ஒண்டுதான், வைக்காட்டிலும் ஒண்டுதான்.”

பிழை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு. அவர் விடிய விடிய எழும்பிய அத்தனை நாளும் செத்த ஒருவருக்காக ஒன்றுமில்லாமல் போனது என்று நான் சொல்லியிருக்கிறேன் என்பது, சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அம்மா தலையை ஆட்டினார். “ஓம். நீங்கள் சொல்லுறது சரி” என்றார். எழும்பிப் போய் உனக்குச் சாப்பாடு போட்டார். சண்டை போட்டிருந்தால் நான் வென்றிருப்பேன் அல்லது தோற்றிருப்பேன். அவர் போடவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அரிசி முடிந்தது, பள்ளிக் கூட்டம் வியாழக்கிழமை, பிள்ளைக்குச் சப்பாத்து சின்னதாகிவிட்டது, இவ்வளவுதான் பேச்சு. ஒரு வருஷம் கழித்து, பெரியம்மா ரொறன்ரோவுக்கு வரச்சொல்லி எல்லா ஒழுங்கும் செய்துவிட்டார் என்று அம்மா சொன்னார். நான் வரலாமா என்று கேட்கவில்லை. அவர் வாருங்கள் என்று சொல்லவில்லை.

சொலிசிட்டர் லண்டன் ஹரோப் பக்கத்துத் தமிழர், கெட்டிக்காரர். நான் சம்மதிக்காவிட்டால் அம்மா உன்னைக் கொண்டுபோக முடியாது, வழக்கு நீளும், உனக்குப் பள்ளி இங்கே, வீடு இங்கே, வேலையுள்ள தகப்பன் இங்கே, வெல்ல நல்ல வாய்ப்பு என்றார். நானும் கொப்பி எடுத்தேன். இடது பக்கம் உனக்கு இங்கே உள்ள நன்மை, வலது பக்கம் அங்கே உள்ளது. இடது பக்கம் நீளமாக இருந்தது. வழக்குப் போடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். இதை நீ அறிய வேண்டும்: நான் உன்னைச் சும்மா விடவில்லை, பிடித்து வைக்கத்தான் இருந்தேன்.

போடுவதற்கு முதல்நாள் அம்மா வேலைக்குப் போயிருந்தார். நீ வளவில் இருந்தாய், நான் கதிரையில். ஏப்ரல், குண்டுத் தேனீ இரண்டு வந்திருந்தன. கேட்கக்கூடாத கேள்வியை உன்னிடம் கேட்டேன். எந்த நீதிபதியும், எந்த நல்ல மனிதனும் ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்காத கேள்வி. எனக்குத் தரவு வேண்டியிருந்தது. “பிள்ளைக்கு ஆரோடை இருக்க விருப்பம், அப்பாவோடையா, அம்மாவோடையா?” என்றேன்.

நீ அழவில்லை. கணக்குச் செய்கிற மாதிரி விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

“அம்மாக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை, அப்பா. உங்களுக்குத் தேனீ இருக்குத்தானே.”

அடுத்த நாள் போய்க் கையெழுத்து வைத்தேன்.

இது உனக்கு நினைவில் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. நின்றால், அன்றைக்கு நீ சொன்னதால்தான் அப்பா தனித்துப் போனார் என்று ஏதாவது ஒரு வயதில், ஏதாவது ஒரு குளிர்காலத்தில் உனக்குத் தோன்றும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், பூக்களைப் பற்றி எழுத ஒரு பக்கம் போதும். நீ ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. கேட்டவன் நான். உன்னைக் கேட்டதும் பிழை, உன் பதிலைக் காரணமாக்கிக்கொண்டு பேனையை எடுத்ததும் பிழை. அந்தத் தாளில் இருப்பது என் பெயர். உன் பெயர் அதில் ஓர் இடத்தில்தான் வருகிறது, கொண்டுபோகப்படும் பிள்ளை என்ற இடத்தில்.

அப்பா